பெங்களூர் தக்காளி விளைவது கோலாரில்

ஆம்பூர்ச் சந்தையில் தக்காளி இரண்டு வகை. கையில் எடுத்தாலே நசுங்குகிற, புளிப்பான, கோடு விழுந்த உருண்டை நாட்டுத் தக்காளி. கெட்டியாக, ஒரு வாரம் வைத்தாலும் தாங்குவது பெங்களூர்த் தக்காளி. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் சின்னம்மா மகள் கேட்பாள்: “அக்கா, உங்க ஊர்த் தக்காளி அங்க இன்னா விலை விக்குது?”

எங்கள் ஊரில் தக்காளி ஏது? நான் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறேன். மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கிற தெரு. ஒரு துளசிச் செடியைக்கூட மாடியில் பெயின்ட் டப்பாவில்தான் வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்கு மெயின் ரோட்டுக்கு வருகிற தள்ளுவண்டிக்காரரைக் கேட்டேன். “கோலார் மாலு மேடம்” என்றார். பெங்களூர்த் தக்காளி என்று தமிழ்நாட்டில் பெயர் வாங்கிய அந்தப் பழத்தில் பெரும்பங்கு கோலார் மாவட்டத்து மண்ணில் விளைகிறது. கோலார் ஏ.பி.எம்.சி. மண்டி ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 2023 ஜூலையில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டி விற்றதும் அங்கேதான். வேறு மாதங்களில் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் அங்கேதான்.

மாம்பழத்திலும் இதே கதை. கிளிமூக்கு மாம்பழத்தைத் தமிழ்நாட்டில் ‘பெங்களூரா’ என்கிறோம். அது தோப்புத் தோப்பாகக் காய்ப்பது கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில். விளைவிக்கிறவன் கோலார்க்காரன், பெயர் பெங்களூருக்கு.

தக்காளியோடும் மாம்பழத்தோடும் இது முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன மாதம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. என் மகன் குடும்பத்தோடு எங்கேயாவது போக வேண்டும் என்றான். மலை இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், பழைய கோயில் இருக்க வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது, காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. “கோலாருக்குப் போ” என்றேன். “அங்க என்னம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் குடகுக்குப் போனான். போகும் வழியில் ஏழு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் கேட்டது எனக்கு வலித்தது. நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். நைனா சுரங்கத்தில் வேலை பார்த்தார். தாத்தாவும் அங்கேதான். என் மகனின் ரத்தத்திலேயே அந்த மாவட்டம் ஓடுகிறது. அவனுக்கே அங்கே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் குற்றம் அவனுடையது இல்லை, சொல்லாத என்னுடையது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

ஜீவனஹள்ளியிலிருந்து பெங்களூர் கிழக்கு ரயில் நிலையம் நடை தூரம். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட்டுக்குப் போட்ட தண்டவாளம் அது. புலிகேசி நகர், காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி என்று இந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தப் பாதையில்தான் ஊருக்குப் போகிறோம். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் பெரும்பாலும் கைப்பேசியை எடுத்துவிடுகிறோம் அல்லது தூங்கிவிடுகிறோம். கண் விழித்தால் ஜோலார்பேட்டை. இடையில் கடந்து போனது ஒரு முழு மாவட்டம்.

மாலூர் ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் வரும். அந்தத் தாலூகாவின் ஹுங்கேனஹள்ளியில் 1891-ல் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் பேசிய மொழி தமிழ். எழுதியது கன்னடம். கன்னடச் சிறுகதைக்கே அவரைத்தான் தந்தை என்கிறார்கள். 1983-க்கான ஞானபீட விருது ‘சிக்கவீர ராஜேந்திரா’ நாவலுக்காக அவருக்குக் கிடைத்தது. தமிழும் கன்னடமும் சண்டை போட்டே தீர வேண்டும் என்று பேசுகிறவர்களை யாராவது மாலூரில் இறக்கிவிட வேண்டும். அடுத்து டேக்கல் வரும். வீடு உயரப் பாறைகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறுமையாக அடுக்கி வைத்ததுபோல் குன்றுகள் நிற்கும். அந்த ஐந்து நிமிடம் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

பங்காருபேட்டையில் இன்னொரு தண்டவாளம் பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். பெரிய கோடு ஜோலார்பேட்டைக்குப் போக, சுரங்கத்துக்காகவே போட்ட இந்தச் சின்னக் கோடு மாரிக்குப்பத்தோடு நின்றுவிடும். விடியற்காலையில் அந்தக் கோட்டில் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். தைப்பவர்கள், காவலுக்கு நிற்பவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், கம்ப்யூட்டர் தட்டுபவர்கள். இரவு திரும்பிப் போய் மறுபடி விடியலில் வருகிறார்கள். எங்கள் தெருவில் வேலை முடித்து ஸ்டேஷனுக்கு ஓடுகிற பெண்கள் பேசுகிற தமிழைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும், தங்கவயல் என்று.

தங்கவயலைப் பற்றி ஒரு சினிமா வந்ததிலிருந்து நாடு முழுக்க கே.ஜி.எஃப். என்ற மூன்றெழுத்து தெரிகிறது. நல்லது. ஆனால் துப்பாக்கியும் வில்லனும்தான் தங்கவயல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் தங்கவயலில் இருந்தது ஷிஃப்ட் சங்கு. சங்கு ஊதினால் ஆயா சோறு கட்டுவாள். மறுபடி ஊதினால் வாசலில் வந்து நிற்பாள். ஷிஃப்ட் முடிந்து தலைகள் தெரியும்வரை எந்த வீட்டுப் பெண்ணும் உள்ளே போக மாட்டாள்.

அந்த மண்ணில் பொன் இருப்பது ஊர்க்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். 1802-ல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரிக்கு மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்துக் காட்டினார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் பெரிய அளவில் சுரங்கம் இறங்கியது. வடஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் நிலமும் இல்லை, நிமிர்ந்து நடக்கத் தெருவும் இல்லை. என் தாத்தா ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையிலிருந்து வந்தவர்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். நைனா சொல்வார்: “கீய போய்ட்டா ராத்திரி பகலு ஒண்ணுதான் கண்ணு. மேல வந்து வானத்த பாத்தாதான் நாளு ஞாபகம் வரும்.” பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். லைன் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் அதிரும். அது ஓய்ந்த பிறகு வருகிற அமைதியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான், எந்த ஷாஃப்ட், எந்த ஷிஃப்ட். நுரையீரலில் கல்தூசு படிந்து இருமி இருமிப் போனவர்களை நான் எண்ணிச் சொல்ல மாட்டேன். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

1902 ஜூன் மாதம் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்று உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் அது ஒன்று. அது கொண்டுவரப்பட்டது பெங்களூருக்கு இல்லை, எங்கள் சுரங்கத்துக்கு. மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்டில்தான் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது. இந்தியாவில் முதலில் மின்விளக்கு பெற்ற நகரங்களில் ஒன்று என்று பெங்களூர் பெருமைப்படும்போது, அந்த வெளிச்சம் முதலில் எந்த ஊருக்காகப் புறப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1965-ல், சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் அறையில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள். ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்திருந்தார்கள். வானத்திலிருந்து வரும் மற்றக் கதிர்களையெல்லாம் மேலே இருக்கிற பாறை வடிகட்டிவிடும். அநேகமாக எதிலும் முட்டாமல் பூமியையே துளைத்துப் போகிற நியூட்ரினோ மட்டும் அங்கே வந்து சேரும். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதன் முதன்முதலில் பதிவு செய்தது அங்கேயும், அதே வருடம் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும்தான். நட்சத்திரத்தைப் பார்க்கிறவர்கள் ஏன் பாதாளத்துக்கு வருகிறார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சு. அவர்களைக் கேஜ் என்கிற கூண்டில் இறக்கி ஏற்றியவர்கள் எங்கள் லைன்காரர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, அவர் 1914-ல் மறைந்த பிறகு தடுமாறி நின்றது. அதை மறுபடி உயிர்ப்பித்து 1926 முதல் 1934 வரை நடத்தியது கோலார் தங்கவயலில், ஜி. அப்பாதுரையார். பகலில் பாதாளத்தில் கல் உடைத்தவர்கள் மாலையில் புத்த சங்கத்தில் கூடிப் பத்திரிகை வாசித்தார்கள். தமிழ்ச் சமூகத்தின் பகுத்தறிவு வரலாற்றை எழுதுகிறவர்கள் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் கொடுக்கிற பக்கங்களில் ஒன்றிரண்டையாவது சாம்பியன் ரீஃபுக்கும் மாரிக்குப்பத்துக்கும் கொடுக்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், சுமார் மூன்று கோடி டன், மழைக்காலத்தில் பொன்னிறத்தில் வரிவரியாக மின்னும். படம் எடுக்க வருகிறவர்கள் அதைப் பாலைவனம் என்கிறார்கள். காற்று வீசும் மாதங்களில் அந்த மண் எங்கள் கொடியில் காயும் துணியில் வந்து உட்காரும். அழகாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்கவயல் ஒரு மூலைதான். மாவட்டம் பெரியது, அதன் வயது இன்னும் பெரியது. தங்கவயல் பக்கத்துப் பெத்தப்பள்ளியில் எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் தலையணை தலையணையாக உறைந்த பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பாறை வரிசைக்கு வயது சுமார் 270 கோடி ஆண்டு. மனிதர்களின் கதை அதற்கு முன்னால் நேற்று நடந்ததுதான். ஆனாலும் தமிழாசிரியையான எனக்கு அந்த நேற்றில்தான் ஆசை.

கோலாரின் பழைய பெயர் குவளாலம். கங்க அரசர்கள் தலைக்காட்டுக்குப் போவதற்கு முன்னால் தலைநகராக வைத்திருந்த ஊர். ஊரை விட்டுப் போன பிறகும் அவர்கள் வழிவந்தவர்கள் பட்டத்தை விடவில்லை. நன்னூல் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் தமிழாசிரியர் ஆக முடியாது. பவணந்தி முனிவரை அந்த நூலை எழுதச் சொன்னவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன். கல்வெட்டுகளில் அவனுடைய பட்டம் ‘குவளாலபுர பரமேசுவரன்’. கோலாரின் தலைவன் என்று பொருள். முப்பது வருடம் எழுத்தியலும் பதவியலும் நடத்தியிருக்கிறேன். வல்லினம் மெல்லினம் சொல்லிக்கொடுத்த அந்த இலக்கணத்தின் புரவலன் என் பிறந்த மாவட்டத்தின் பெயரைத் தலையில் சூடியவன் என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது ஐம்பது. எனக்கு எந்த வகுப்பிலும் இதை யாரும் சொல்லவில்லை.

தெரிந்த அந்த வருடமே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோலாரம்மா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ராஜராஜன் காலத்தில் கங்கநாடு சோழர் கைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் இந்தப் பகுதி நிகரிலிசோழ மண்டலம் என்ற பெயரில் இருந்தது. பிறகு ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் வந்து மீட்டுக்கொண்டான். அந்த நூறு வருடமும் கோலாரம்மா கோயில் சுவரில் எழுதி இருக்கிறது, தமிழில். இன்று கோலாரம்மா என்று கன்னடத்தில் கும்பிடப்படுகிற தாயை அந்தக் கல்வெட்டுகள் பிடாரியார் என்கின்றன. நம் ஊர் எல்லையில் நிற்கிற அதே பிடாரி. எங்கள் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், பெயின்டர் வீட்டுக் குழந்தைகள். பெங்களூரில் தமிழ் படிப்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேலி வாங்கியவர்கள். ஒரு சிறுமி சுவரில் விரல் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள். திடீரென்று கத்தினாள்: “டீச்சர், இதோ ப! இதோ ட! நம்ம எழுத்து!” ஆயிரம் வருடத்துக் கல்லில் தன் நோட்டுப் புத்தகத்து எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எந்தப் பாடத்திட்டமும் செய்யாததை அந்தச் சுவர் செய்தது.

அதே கோயிலில் செல்லம்மா என்ற தேள் அம்மனும் இருக்கிறாள். தேள் கடிக்காமல் இருக்கத் தரையில் குடைந்த உண்டியலில் காசு போடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் போட்டார்கள். லைன் வீட்டில் வளர்ந்த எனக்குத் தேள் பயம் என்னவென்று தெரியும். நானும் போட்டேன்.

அந்தரகங்கை கோலார் நகரத்திலிருந்து நாலு கிலோமீட்டர். சதசிருங்க மலையில் படியேறினால் காசி விசுவேசுவரர் கோயில். அங்கே கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுநீர் விழுந்துகொண்டே இருக்கும். மழையே பெய்யாத வருடங்களிலும் விழுவதாக ஊர் சொல்கிறது. கோடையில் நான் போனபோதும் விழுந்தது. மேலே ஏறினால் பாறை இடுக்குக் குகைகள். அதற்கும் மேலே ஊர்கள் இருக்கின்றன, ராகி வயல் இருக்கிறது. முளபாகிலுக்குப் பக்கத்தில் குருடுமலையில் பதின்மூன்றரை அடி உயரத்துக்கு ஒரே கல் விநாயகர். ஹைதர் அலி பிறந்ததாகச் சொல்லும் பூதிகோட்டை இந்த மாவட்டத்தில்தான். கன்னடக் கவிஞர் டி.வி. குண்டப்பா பிறந்தது முளபாகிலில். இவற்றை வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் பத்தி போதாது. நான் ஆவணியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஆவணி முளபாகில் பக்கம். மலையடியில் நுளம்பர் காலத்து ராமலிங்கேசுவரர் கோயில் கூட்டம். ராமர், லட்சுமணர், பரதர், சத்ருக்கனர் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு லிங்கம், ஒரு கோயில். வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, லவனும் குசனும் இங்கேதான் பிறந்தார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். மலைமேல் சீதைக்குக் கோயில். கணவனோடு இல்லாமல் தனியாக, பிள்ளை பெற்ற தாயாகச் சீதை நிற்கிற கோயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளை இல்லாத பெண்கள் மூச்சிரைக்க ஏறுகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பத்தாம் நூற்றாண்டில் ஆவணி மடத்துக்குத் தலைவராக இருந்த திரிபுவனகர்த்தர் என்ற துறவியைப் பற்றி 961-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாற்பது வருடம் அந்தத் தலத்தை ஆண்டார், ஐம்பது கோயில் கட்டினார், இரண்டு பெரிய ஏரி வெட்டினார் என்று. கோயிலும் ஏரியும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அந்த நாட்டில் அந்த இரண்டும் ஒரே வேலை.

கோலாருக்கு வற்றாத ஆறு கிடையாது. நந்திமலையில் பிறக்கிற பாலாறு மழைக்கு மட்டும் ஓடும். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூரில் கடலில் சேர்வது அது. மழைநீரை ஏரிக்கு ஏரி இறக்கி, ஒன்று நிரம்பினால் அடுத்தது என்று பிடித்து வைத்துத்தான் அந்த மாவட்டம் பிழைத்தது. என் தாத்தா கீழிருந்து பாலாற்றைப் பிடித்து மேலே வந்தவர். நாங்கள் தங்கவயலில் குடித்ததும் பேத்தமங்கலம் ஏரியில் தேங்கிய அதே பாலாற்றுத் தண்ணீர். என் மாமியார் வேலூர்ப் பக்கத்தவர். எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஆறுதான்.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். கால்வாய்கள் தூர்ந்தன. தைலமரத் தோப்புகள் பெருகி நிலத்தடி நீரை உறிஞ்சின. 2017-ல்தான் கர்நாடக அரசு புதிதாக அந்த மரம் நடத் தடை போட்டது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டியது, வந்த தண்ணீரில் ஃபுளோரைடு. காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு ஏறுகிறது, பக்கத்து மாவட்டமான கோலாருக்கு இல்லை.

2018-ல் ஒரு தண்ணீர் வந்தது. பெங்களூர் குளித்து, துவைத்து, கழுவி விட்ட நீரைக் கோரமங்கலா – சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்துக் குழாயில் ஏற்றிக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்று கணக்கு. நான் இந்தத் திட்டத்தை எதிர்க்கிறவள் இல்லை. வருடக்கணக்கில் வெடித்துக் கிடந்த ஏரியில் தண்ணீர் நிற்பதையும், நாரைகள் திரும்ப வந்ததையும், கிணறுகளில் நீர் ஏறியதையும் என் கண்ணால் பார்த்தேன். அழுதேன். ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிற்கிறது. முதல் வருடமே லட்சுமிசாகர் ஏரியில் நுரை எழும்பி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. மூன்றாம் கட்டமும் சுத்திகரித்து அனுப்புங்கள் என்று கோலார் விவசாயிகள் அன்றிலிருந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சலுகை இல்லை. அந்த ஏரித் தண்ணீரில் விளைகிற தக்காளி மறுநாள் காலை ஜீவனஹள்ளித் தள்ளுவண்டிக்கு வருகிறது. நாம் அனுப்பியதுதான் நம் சாம்பாருக்குத் திரும்புகிறது.

கோலாரைக் கொண்டாட வேண்டும் என்று அரசு விழா எடுக்கிறது, மேடை போடுகிறது, பாட்டுக் கச்சேரி வைக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தைக் கொண்டாடுகிறோம் என்றால் அதன் ஏரிக்கு நாம் குடிக்கத் தகுந்த தரத்துக்குப் பக்கத்திலாவது உள்ள தண்ணீரை அனுப்ப வேண்டும். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்புக்கான செலவைப் பெங்களூர் ஏற்க வேண்டும். தண்ணீர் வரி கட்டுகிறவளாக, கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கத் தயாராகவே இதை எழுதுகிறேன்.

தங்கவயலில் இரும்பு ஷாஃப்ட் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றையாவது, கேஜை இழுத்த எந்திரத்தோடும் அந்த எந்திர அறையோடும் காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்க வேண்டும். சுற்றிக் காட்டுகிற வேலையைச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கே கொடுக்க வேண்டும். 2001-ல் நாற்பது வயதில் வேலை போனவருக்கு இன்று அறுபத்தைந்து. இன்னும் பத்து வருடம் கழித்து அருங்காட்சியகம் கட்டினால் கண்ணாடிப் பெட்டி இருக்கும், சொல்ல ஆள் இருக்காது. கோலாரம்மா கோயில் கல்வெட்டுகளுக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் படிக்கிற மாதிரி ஒரு பலகை வேண்டும். 1905-லேயே லூயிஸ் ரைஸ் கோலார் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். நூற்றிருபது வருடமாக நூலகத்தில் இருப்பதைச் சுவர்ப் பக்கம் கொண்டுவர ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை, ஒரு பெயின்டரும் ஒரு தமிழாசிரியரும் ஒரு கன்னட ஆசிரியரும் போதும். நான் வருகிறேன்.

எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முளபாகில் பக்கம் அனுமனஹள்ளியில் ஒரு குகை இருக்கிறது. அதில் ஒரு வகை இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. கோலாரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் அந்த ஒரு குகையில் மட்டும்தான் அது மிச்சம் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. மொத்தமே இருநூறுக்கும் குறைவு. சுற்றிலும் கருங்கல் உடைத்த குவாரிகள் அதை அந்த நிலைக்குத் தள்ளின. இப்போது பாதுகாக்கிறார்கள். அந்தக் குகைக்கு யாரும் போகாதீர்கள். பாறைக்கு வெடி வைக்காமலும் டார்ச் அடிக்காமலும் விட்டுவிடுவதுதான் அதற்கு நாம் செய்கிற மரியாதை. மலையைக் கல்லாக மட்டும் பார்க்கிற கண்ணுக்கு ஆவணி மலையும் ஒரு நாள் கல்லாகத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு கன்டோன்மென்ட்டில் மாரிக்குப்பம் வண்டி ஏறினேன். அவளுக்கு ஒன்பது வயது. மாலூரைக் காட்டினேன், டேக்கல் பாறைகளைக் காட்டினேன். சாம்பியனில் இறங்கி நாங்கள் குடியிருந்த லைனுக்கு நடந்தோம். எங்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம். வாசலில் நின்றதைப் பார்த்து அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டு, யார் என்னவென்று கேட்பதற்கு முன்னால் “சாப்ட்டீங்களாக்கா?” என்றாள். ராகிக் களியும் பிதுக்கின அவரைப் பருப்புக் குழம்பும் போட்டாள். என் பேத்தி களியை மென்று பார்த்தாள். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். திரும்பும்போது ரயிலில் பேத்தி கேட்டாள், “ஆயா, அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிட்டு வரலாமா?”

அடுத்த மாதம் நாலு பேரும் போகிறோம். இதைப் படிக்கிற பெங்களூர்த் தமிழர்கள், வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். பங்காருபேட்டையில் இறங்கிக்கொள்ளுங்கள்.